கபச்சுரப்பியும் கத்தியும்

தமிழிலே கபச்சுரப்பி என்று வழங்கப்படும் உறுப்புக் கபத்தைச் சுரப்பதில்லை. ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டு வயதுடைய ஒரு தவற்றின் எச்சமே அப்பெயர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலன், மூளையிலே உண்டாகும் கழிவுநீர் இச்சிறு உறுப்பின் வழியாக வடிந்து மூக்கினுள் இறங்குகின்றது என்று கருதினார். 1543ஆம் ஆண்டில் உடலமைப்பைப் பற்றித் தம் பெருநூலை வெளியிட்ட வெசாலியஸ், கேலனின் பிழைகள் பலவற்றைத் திருத்தியவர். ஆயினும் இவ்விடயத்தில் அவரும் முன்னோர் வழியே சென்று, கபத்தை ஏற்கும் சுரப்பி என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே இதற்கு இட்டார். பிற்றியூட்டரி என்னும் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து பிறந்தது. தமிழிற் கலைச்சொல் ஆக்கியோர் அதை மொழிபெயர்த்தபோது கபமும் உடன்வந்தது. மூளைக்கும் மூக்குக்கும் இடையே இத்தகைய வழி எதுவும் இல்லை என்பதை வித்தன்பேர்க் நகரத்து ஷ்னைடரும் இங்கிலாந்தின் றிச்சட் லோவரும் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டனர். வழி இல்லை என்பது தெரிந்தது. ஆனால் உறுப்பு எதற்காக இருக்கின்றது என்பது இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு எவருக்கும் தெரியவில்லை.

தெரியாததில் வியப்பில்லை. ஒரு கொண்டைக்கடலையளவு பருமனும் அரைக் கிராம் அளவு நிறையும் உடைய அவ்வுறுப்பு, தலையோட்டின் அடித்தளத்தின் நடுவில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழியினுள்ளே புதைந்து கிடக்கின்றது. துருக்கியர் சேணம் என்றே உடலமைப்பு நூலார் அக்குழியை அழைப்பர். மேலே இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்லும் சந்தி. இரு பக்கமும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருநாடிகள். கீழே ஆப்பு வடிவான எலும்பினுள் ஒரு காற்றறை. அதற்கு முன்னே மூக்கு. இயற்கை வேறெந்தச் சுரப்பிக்கும் இத்துணைக் காவல் வைத்ததில்லை. அச்சுரப்பியிலே ஒரு கட்டி தோன்றி வளருமாயின், விரிவதற்கு இடமின்றி மேல்நோக்கி எழும். கண் நரம்புச் சந்தியை அழுத்தும். நோயாளி நேரே பார்க்கும்போது எதிரே இருப்பவரைக் காண்பார். தம் இருமருங்கிலும் வருவோரைக் காணார். நாளடைவில் அக்காட்சியும் சுருங்கிப் பார்வை முழுவதும் அவிந்துவிடும்.

1886ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், பியெர் மரி என்னும் வைத்தியர் இரு நோயாளரின் வரலாற்றை வெளியிட்டார். வளர்ந்து முடிந்த வயதிலே கைகளும் பாதங்களும் மீண்டும் பருக்கத் தொடங்கி, தாடை நீண்டு, நாக்கும் மூக்கும் தடித்து, முகமே வேறு முகமாக மாறிவிட்ட நிலை அது. உடலின் அந்தங்கள் பெருக்கும் நோய் என்னும் பொருளில் அக்ரோமெகலி என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அவ்வாறு இறந்தோரின் தலையோட்டைத் திறந்தபோது கபச்சுரப்பி பருத்திருந்தமை அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அப்பொழுது ஒரு வழக்கு எழுந்தது. சுரப்பி பருத்ததனால் நோய் வந்ததா, நோய் வந்ததனாற் சுரப்பியும் ஏனைய உறுப்புகளைப் போலப் பருத்ததா? சுரப்பியே காரணமாயின், அது கெட்டுத் தன் தொழிலை இழந்ததனால் உடல் பருத்ததா, தன் தொழிலை அளவுக்கு மீறிச் செய்ததனாற் பருத்ததா? தொழிலை இழந்தது என்னும் பக்கமே மரி சாய்ந்தார். பிணத்தை அறுத்துப் பார்த்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. உயிரோடிருப்பவரின் கட்டியை அகற்றி, பின்னர் நோய் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தல் ஒன்றே வழியாக இருந்தது.

ஆனால் அறிவுத் தாகத்துக்காக எவரும் கத்தி எடுக்கவில்லை. தாங்கொணாத் தலைவலியும் நெருங்கிவரும் குருட்டுத்தன்மையுமே நோயாளரைச் சத்திரசிகிச்சை மேசைக்குக் கொண்டுவந்தன. இலண்டனில் விக்டர் ஹோர்ஸ்லி தலையோட்டைத் திறந்து, மூளையை உயர்த்திப் பிடித்து, சுரப்பியை அணுக முயன்றார். 1906இல் அவர் தமது பத்துச் சத்திரசிகிச்சைகளைப் பற்றி எழுதினார். மூளையைத் தொடாமற் கீழிருந்து செல்லும் வழியை முதலிற் கண்டவர் ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்து ஹேமன் ஷ்லொஃபர். 1907 மார்ச்சு 16ஆம் நாள், ஒரு நோயாளியின் மூக்கை வெட்டி ஒரு பக்கமாகத் திருப்பி, உள்ளெலும்புகளை அகற்றி, காற்றறையினூடாகச் சென்று அவர் கட்டியின் ஒரு பகுதியை வெளியே எடுத்தார். முதன்முதலில் மனிதனின் கபச்சுரப்பி மூக்கு வழியாக எட்டப்பட்ட நாள் அதுவே. நோயாளி ஏறக்குறைய இரண்டரை மாதத்தின் பின் இறந்தார். கட்டியின் பெரும்பகுதி மேலே மூளையினுள் எஞ்சியிருந்தமை பிணச்சோதனையில் தெரிந்தது. எலும்புக் குழி விரிந்திருத்தலை உயிரோடிருப்பவரிற் காட்டக்கூடிய எக்ஸ் கதிர்ப் படம் அப்பொழுது வைத்தியத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் கட்டி மேலே எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை அப்படம் சொல்லவில்லை.

மறு ஆண்டில், 1908இல், வியன்னாவின் ஹொகனெக் அதே வழியிலே அக்ரோமெகலி நோயாளி ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நோயாளி பிழைத்தார். அது மட்டுமன்று, பருத்திருந்த உறுப்புகள் சுருங்கத் தொடங்கின. எலும்பு குறையாது, ஆனால் எலும்பைப் போர்த்திருந்த தடித்த சதையும் வீக்கமும் குறைந்தன. மரியின் காலத்திலிருந்து இருபது ஆண்டுகளாக நடந்த வழக்கு அந்நோயாளியின் கைகளிலே தீர்ப்புப் பெற்றது. சுரப்பியின் ஒரு பகுதியை எடுத்ததும் நோய் தணிந்தது என்றால், சுரப்பி தொழிலை இழந்ததனால் நோய் வந்திருக்க முடியாது. ஓமோன் என்னும் சொல்லை இங்கிலாந்தின் ஸ்டாலிங் 1905இல்தான் வழக்குக்குக் கொண்டுவந்திருந்தார். அச்சொல் பிறந்து மூன்றே ஆண்டுகளில், இன்னதென்று எவரும் கண்டிராத ஓர் ஓமோனின் மிகுதியும் குறைவும் ஒரு நோயாளியின் உடலிலே முன்னும் பின்னுமாகக் காணப்பட்டன.

அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இருந்த ஹார்வி குஷிங், 1909 மார்ச்சில், அக்ரோமெகலி உற்ற ஓர் உழவருக்குத் தம் முதற் கபச்சுரப்பிச் சத்திரசிகிச்சையைச் செய்தார். நோயாளியின் தலைவலி தணிந்தது. அவ்வாண்டிலேயே குஷிங், இச்சுரப்பியின் நோய்களைச் சுரப்பு மிகுதி, சுரப்புக் குறைவு என இரு கூறாக வகுத்து எழுதினார். இன்று எளிய பாகுபாடாகத் தோன்றும் இது அன்று பெருந்துணிவு. அதே 1909இல் அவர் இலண்டனில் ஆதர் கீத் என்பவருடன் சேர்ந்து, அயர்லாந்து இராட்சதன் என்று புகழ்பெற்றிருந்த சாள்ஸ் பேர்னின் தலையோட்டைத் திறந்து பார்த்தார்; சேணக் குழி விரிந்திருந்தது. 1783இல் இறந்த பேர்ன், தம்மை அறுத்துப் பார்க்கலாகாது என்று அஞ்சித் தம் உடலைக் கடலிலே புதைக்கும்படி வேண்டியவர். அவ்விருப்பம் நிறைவேறவில்லை, அவர் எலும்புக்கூடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காட்சிப் பொருளாக நின்றது. 2023இல் அந்த நூதனசாலை மீளத் திறக்கப்பட்டபோதுதான் அது காட்சியிலிருந்து விலக்கப்பட்டது. விஞ்ஞானம் அவரிடமிருந்து கற்றது உண்மை. அவரைக் கேளாமற் கற்றதும் உண்மை.

மிகுதியின் கேடு தெரிந்துவிட்டது. எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதே அடுத்த வினா. புக்காரெஸ்ற் நகரத்துப் பௌலெஸ்கோ 1908இல் நாய்களின் கபச்சுரப்பியை முற்றாக அகற்றியபோது அவை இறந்தன. குஷிங்கும் அவருடன் உழைத்த குறோ, ஹோமன்ஸ் என்போரும் 1910இல் வெளியிட்ட ஆய்வும் அதனையே கூறிற்று: முன்சோணை முழுவதும் போனால் உயிர் தங்காது. வியன்னாவின் அஷ்னர் மட்டும், தாம் வாய் வழியாகச் சென்று சுரப்பியை எடுத்த நாய்க்குட்டிகள் சாகவில்லை என்றார். ஆனால் அவை வளரவுமில்லை. உடன்பிறந்த குட்டிகள் பெரிய நாய்களாகிவிட, இவை பால்மயிரும் பாற்பல்லுமாகக் குட்டிகளாகவே நின்றுவிட்டன. யார் சொல்வது மெய்? சத்திரசிகிச்சை நிபுணருக்கு இது ஏட்டு வினா அன்று. கட்டியைக் குறைவாக எடுத்தாற் பார்வை போகும். கூடுதலாக எடுத்தால் உயிர் போகுமோ என்ற அச்சம். எங்கே கட்டி முடிகிறது, எங்கே நல்ல சுரப்பி தொடங்குகிறது என்பதை அன்றைய விளக்கொளியில் வெறுங்கண்ணாற் பார்த்து அறிதல் அரிது.

சுரப்பு அறவே குறைந்த ஒரு நோயாளிக்கு, இறந்த சிசுவொன்றின் கபச்சுரப்பியை எடுத்துப் பதியவைக்கவும் குஷிங் ஒருமுறை முயன்றார். அன்றைய பத்திரிகைகள் அதனைப் பெரிதாக எழுதின. அம்முயற்சி நிலைத்த பயனைத் தரவில்லை. பிறர் உடலின் இழையத்தை உடல் ஏற்காது என்பதே அன்று தெளிவாகத் தெரியாத காலம்.

விடையைத் தந்தவை எலிகள். அமெரிக்க உடலமைப்பாளர் பிலிப் சிமித், எலியின் கழுத்துப் புறமாகச் சென்று மூளையைச் சிறிதும் தீண்டாமற் கபச்சுரப்பியை எடுக்கும் முறையைக் கண்டு, 1930இல் தம் முடிவுகளை முழுமையாக வெளியிட்டார். எலிகள் உடனே இறக்கவில்லை. ஆனால் வளர்ச்சி நின்றது. தைரொயிட்டுச் சுரப்பி சுருங்கியது. சிறுநீரகங்களின் மேலமர்ந்த அதிரனற் சுரப்பிகளின் புறணி சுருங்கியது. இனப்பெருக்கச் சுரப்பிகள் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பின. பின்னர் வேறெலிகளின் கபச்சுரப்பித் துண்டுகளை நாள்தோறும் உடலினுட் செலுத்தியபோது சுருங்கியவை மீண்டும் பருத்தன. முன்னையோரின் நாய்கள் பல, சுரப்பி போனதனால் மட்டுமன்றி, அருகிருந்த மூளைப்பகுதி காயமுற்றதனாலும் இறந்தன என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. கபச்சுரப்பி ஓர் அரசன் என்று அக்காலத்தில் நூலோர் புகழ்ந்தனர். மேலேயிருக்கும் பரிவகக்கீழ் என்னும் மூளைப்பகுதியின் ஆணையை நிறைவேற்றும் அமைச்சனே அது என்பதை, இடையிலுள்ள தண்டின் நுண்ணிய குருதிக் கலன்களை ஆராய்ந்த இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹரிஸ் பின்னர்க் காட்டினார்.

இதற்கிடையில் மூக்கு வழி செம்மையுற்றது. வியன்னாவில் ஒஸ்கார் ஹிர்ஷ் என்னும் மூக்குத் தொண்டை வைத்தியர், 1910இல், முகத்தில் எவ்வித வெட்டுமின்றி, கொக்கேயினால் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூக்குத் துவாரத்தினூடாகக் கட்டியை எட்டினார். யூதரான அவர், 1938இல் ஜேர்மனி ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபின், வியன்னாவை விட்டுப் பொஸ்தனுக்குச் செல்ல நேர்ந்தது. குஷிங் மேலுதட்டின் உட்புறத்தைக் கீறி மூக்கின் நடுத்தட்டு வழியே செல்லும் முறையைக் கையாண்டார். 1910க்கும் 1925க்கும் இடையில் 231 நோயாளருக்கு அவ்வாறு சத்திரசிகிச்சை செய்தார். அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 5.6 வீதம். நுண்ணுயிர்கொல்லி மருந்து ஒன்றும் இல்லாத நாளில் இது வியக்கத்தக்க எண். ஆயினும் 1920களின் இறுதியில் அவரே இவ்வழியைக் கைவிட்டார். மேல்நோக்கி வளர்ந்த கட்டியைக் கீழிருந்து முழுவதும் எடுக்க இயலவில்லை. தலையோட்டைத் திறந்தாற் கண் நரம்பை நேரே பார்த்து விடுவிக்கலாம். குஷிங் விட்டதை ஏறக்குறைய உலகமே விட்டது. அவரிடம் பயின்ற எடின்பரோவின் நோர்மன் டொட் மாத்திரம் விடவில்லை. 1956இல் அவரைக் காணச் சென்ற பாரிஸின் ஜெரார் கியோ அதைக் கற்றுச் சென்றார். கியோவிடம் மொன்றியலின் ஜூல் ஹார்டி கற்றார். ஒரு கலை ஒரு தலைமுறைக் காலம் ஓரிரு கைகளிலே தங்கி உயிர்பிழைத்த கதை இது.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஓமோன்கள் என்னாகின்றன என்ற வினாவுக்கு முதலில் வந்த விடை நீரைப் பற்றியது. கட்டி எடுக்கப்பட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோயாளி குடம் குடமாக நீர் கேட்பதையும், குடித்ததெல்லாம் நிறமற்ற சிறுநீராகக் கழிவதையும் நிபுணர் கண்டனர். 1913இல் ஜேர்மனியில் ஃபொன் டென் ஃபெல்டனும் இத்தாலியில் ஃபரினியும், வெல்லமில்லா நீரிழிவு உற்றோருக்குக் கபச்சுரப்பியின் பின்சோணைச் சாற்றை ஊசியால் ஏற்ற, அப்பெருக்கு அடங்கிற்று. சிறுநீரகம் நீரைத் தேக்கும்படி ஆணையிடும் வசோபிரசின் என்ற ஓமோன் அச்சாற்றில் இருந்தது. அதனை 1950களில் ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டிய அமெரிக்க இரசாயன அறிஞர் தூ விக்நோ 1955இல் நொபெல் பரிசு பெற்றார். நீரின் ஆட்டம் ஒரே சீராகவும் இருப்பதில்லை. தண்டு காயமுற்றோர் சிலரில், முதற் சில நாள் நீர் பெருகும். பின்னர், சாகின்ற நரம்பிழைகள் தம்மிடமிருந்த ஓமோன் முழுவதையும் ஒருங்கே கொட்டிவிட, நீர் உடலிலே தேங்கும். அது முடிந்தபின் மீண்டும் பெருகும். இடையிலுள்ள அந்தத் தேக்கமே வஞ்சகமானது. நோயாளி வீடு சென்று ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் வேளையில், குருதியில் சோடியம் தாழ்ந்து, தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அது வெளிப்படும். முதல்நாட்களிற் பழகிய வழக்கப்படி அவர் அப்போதும் நிறைய நீர் குடித்தால் நிலை இன்னும் மோசமாகும். அதனாலேயே இன்று பல வைத்தியசாலைகளில், வீடு சென்றவரை ஒரு வாரத்திற்குள் மீண்டும் அழைத்துச் சோடியத்தை அளக்கிறார்கள்.

நீரிலும் கொடியது ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்து, குருதிப் பெருக்கும் இன்றி, கிருமித் தொற்றும் இன்றி, நோயாளி இரண்டொரு நாளில் நாடி தளர்ந்து, குருதியமுக்கம் வீழ்ந்து, அயர்ந்து இறந்துவிடுவதுண்டு. அதிரனற் சுரப்பியை ஏவுகின்ற கபச்சுரப்பி ஓமோன் அற்றுப்போக, உடலின் நெருக்கடியைத் தாங்கும் கோட்டிசோல் சுரவாமையே காரணம். பிரசவத்தின்போது பெருமளவு குருதியிழந்த தாய்மாரில் இதனையொத்த நிலையை லிவர்பூலின் ஹரல்ட் ஷீஹன் 1937இல் விளக்கினார். குருதியின்றிச் சுரப்பி மடிந்துவிடும், தாய்க்குப் பால் ஊறாது, மாதவிலக்குத் திரும்பாது, குளிர் தாங்காது, சோம்பலும் சோகையுமாக ஆண்டுகள் கழியும், பிறகு ஒரு நாள் சிறியதொரு காய்ச்சலில் உயிர் போகும். பிரசவத்துக்குப் பின் தேறாத பெண்ணைச் சோம்பேறி என்று ஏசிய வீடுகள் எத்தனையோ.

நிலைமையை மாற்றியது கோட்டிசோன். 1948இலும் 1949இலும் மேயோ சிகிச்சை நிலையத்தில் ஹென்ச் என்பவர் மூட்டுவாத நோயாளருக்கு அதனைக் கொடுத்துக் கண்ட அதிசயம் உலகெங்கும் பேசப்பட்டது; 1950இல் ஹென்ச், கென்டல், றைக்ஸ்ரைன் மூவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. மூட்டுவாதத்திற் பிற்காலத்தில் அதன் புகழ் பெரிதும் தேய்ந்தது. கபச்சுரப்பி நோயாளருக்கோ அதுவே உயிர்க்கயிறாயிற்று. சத்திரசிகிச்சைக்கு முன்னும் போதும் பின்னும் அம்மருந்தைக் கொடுத்து, சுரப்பியையே முழுவதும் எடுக்கலாம் என்ற துணிவு பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் ஸ்டொக்ஹோமில் லுஃப்டும் ஒலிவெக்றோனாவும், பரவிவிட்ட மார்புப் புற்றுநோயை அடக்கவும் கடிய நீரிழிவைத் தணிக்கவும் கட்டியில்லாத கபச்சுரப்பியையே அகற்றினர். நோயாளர் சிலருக்குச் சிறிது காலம் நன்மை ஏற்பட்டது. வேறு மருந்துகள் வந்தபின் அச்சிகிச்சை மறைந்துவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் மறையவில்லை. கபச்சுரப்பி அறவே இல்லாத மனிதன், கோட்டிசோனும் தைரொயிட்டுக் குளிகையும் வேண்டிய பால் ஓமோனும் நீருக்கான மருந்தும் பெற்று, எழுந்து நடமாடித் தொழிலும் செய்யலாம். குஷிங்கின் நாய்கள் கண்டால் நம்பாத செய்தி.

குஷிங்கின் பெயரைத் தாங்கும் நோயைப் பற்றி இங்கே தனியாகக் கூறவேண்டும். முகம் முழுமதி போல் வட்டித்து, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, தோலிற் செங்கோடுகள் படர்ந்து, எலும்பு நொய்ந்து, இளம்வயதிலேயே குருதியமுக்கம் மிகும் நிலை அது. இருபத்துமூன்று வயது நங்கை ஒருத்தியின் வரலாற்றை 1912இல் தம் நூலில் எழுதிய குஷிங், இருபது ஆண்டு கழிந்து 1932இல், கபச்சுரப்பியில் எழும் மிகச் சிறிய கட்டியே இதற்குக் காரணம் என்றார். அக்கட்டி எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியாது. கண் நரம்பையும் தொடாது. சில மில்லிமீற்றர் அளவே இருக்கும் ஒன்றை எவ்வாறு கண்டெடுப்பது? 1960களில் ஹார்டி நுணுக்குக்காட்டியைச் சத்திரசிகிச்சை மேசைக்குக் கொண்டுவந்தபோது அது கைகூடிற்று. மஞ்சள் கலந்த செந்நிறமும் உறுதியும் உடைய நல்ல சுரப்பியையும், சாம்பல் வெண்மையாய் இளகியிருக்கும் கட்டியையும் அவர் வேறுபிரித்துக் கண்டு, கட்டியை மாத்திரம் எடுத்து நல்லதை விட்டுவைத்தார். அன்றுதொட்டு இச்சத்திரசிகிச்சையின் நோக்கமே மாறிற்று. அதுவரை பார்வையைக் காத்தலே வெற்றி; அதன்பின் ஓமோன்களை அவற்றின் இயல்பான அளவுக்குத் திருப்புதலும் வெற்றியின் அளவுகோலாயிற்று.

அளவுகோல் என்று சொல்வதற்கும் ஓர் அளக்கும் கருவி வேண்டுமல்லவா? முன்னாளில் அக்ரோமெகலி நோயாளியின் மோதிரம் தளர்ந்ததா, பாதணி பெரிதாயிற்றா என்று பார்த்தே நோய் தணிந்ததை மதிப்பிட்டனர். நியூயோர்க்கில் றொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கொண்டு குருதியிலுள்ள ஓமோனை அளக்கும் முறையை 1959-60இல் இன்சுலினுக்கும், 1963இல் தம் உடனுழைப்பாளருடன் வளர்ச்சி ஓமோனுக்கும் கண்டனர். ஒரு கிராமின் கோடானுகோடியில் ஒரு பங்கையும் எண்ணிச் சொல்லும் அம்முறைக்கு 1977இல் நொபெல் பரிசு வந்தபோது பேர்சன் உயிரோடில்லை. இனி ஐயம் எழுந்தால் ஒரு சோதனை போதும். நலமுடையவர் சீனிக்கரைசல் பருகினால் வளர்ச்சி ஓமோன் தாழும். அக்ரோமெகலி நோயாளியிடம் அது தாழாது. சத்திரசிகிச்சையின் பின் அதே கரைசலைப் பருக, ஓமோன் தாழ்ந்தால் கட்டி போய்விட்டது. தாழாவிடிற் கட்டியின் எச்சம் எங்கோ இருக்கின்றது.

குஷிங் நோயிலோ அளவைகள் தலைகீழான செய்தி சொல்கின்றன. கட்டி முற்றாக எடுக்கப்பட்டால், மறுநாட்களில் குருதியிலே கோட்டிசோல் மிகத் தாழ்ந்திருக்கும். ஆண்டுக்கணக்காக அளவுக்கு மிஞ்சிய கோட்டிசோலிற் கிடந்த நல்ல கலங்கள் உறங்கிப்போயிருப்பதால், கட்டி போனதும் சுரப்பதற்கு எவருமில்லை. நோயாளி சோர்ந்து, மூட்டெல்லாம் நொந்து, சத்திரசிகிச்சைக்கு முன்னிருந்ததிலும் கீழான நிலையில் இருப்பதாக உணர்வார். வைத்தியரோ மகிழ்வார், நோய் நீங்கியதற்கு அதுவே சான்று. உறங்கிய கலங்கள் விழித்தெழ மாதங்கள் செல்லும்; சிலரில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை குளிகை தாங்கவேண்டும். இதனை முன்கூட்டியே சொல்லாவிடின், சத்திரசிகிச்சை கெட்டுவிட்டது என்றே நோயாளியும் உறவினரும் எண்ணுவர்.

கத்தியையே வேண்டாததாக்கிய கண்டுபிடிப்பும் ஒன்றுண்டு. பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் மனிதரிலே தனியான ஓமோனாக இருக்கின்றது என்பது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உறுதியாயிற்று. அதனை அளக்கத் தொடங்கியதும், ஒன்றும் சுரவாத கட்டிகள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவற்றுள் பல உண்மையிற் புரோலக்டினையே சுரந்தன என்பது வெளிப்பட்டது. மாதவிலக்கு நின்று பிள்ளைப்பேறின்றி வருந்திய பெண்கள் பலரின் குறைக்கு அதுவே காரணம். தானியத்தில் வளரும் எர்கொட் என்னும் பூஞ்சணத்திலிருந்து ஆக்கப்பட்ட புரோமோகிரிப்ரின் என்ற மருந்து, 1970களில் அவ்வோமோனைத் தாழ்த்தியதுடன் கட்டியையும் சுருக்கிற்று. அவ்வகைக் கட்டிக்கு இன்று பெரும்பாலும் முதலிற் கொடுக்கப்படுவது குளிகையே.

எந்த ஓமோனையும் மிகுதியாகச் சுரவாமல், வெறும் பருமனாலே துன்பம் தரும் பெருங்கட்டிகளில் நெடுங்காலம் ஒரு நம்பிக்கையின்மை நிலவியது. அழுத்தும் கட்டியால் நல்ல சுரப்பி படிப்படியாகத் தொழிலை இழக்கும். பெரும்பாலும் வளர்ச்சி ஓமோன் முதலிலும், இனப்பெருக்கத்தை ஏவும் ஓமோன்கள் அடுத்தும், தைரொயிட்டை ஏவுவது அதன்பின்னும், அதிரனலை ஏவுவது கடைசியிலும் மங்கும். மங்கியவை மடிந்தவை என்றும், சத்திரசிகிச்சை எஞ்சியதையும் கெடுக்கும் என்றுமே பலர் கருதினர். 1986இல் கிளீவ்லாந்து நகரத்துப் பாஹா அராஃபா, அத்தகைய நோயாளரின் ஓமோன்களைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒழுங்காக அளந்து, இழந்த தொழில் பலரில் மீண்டதைக் காட்டினார். சுரப்பிக் கலங்கள் சாகவில்லை. ஹரிஸ் காட்டிய அந்தத் தண்டின் நுண்கலன்கள் நெருக்குண்டதனால் மேலிருந்து ஆணை வரவில்லை. கட்டி நீங்கி நெருக்கம் தளர்ந்ததும் ஆணை மீண்டும் இறங்கிற்று. முன்னே புரோலக்டின் சிறிதளவு உயர்ந்திருந்தோர் மீளுதற்கு வாய்ப்புக் கூடியவர். ஏனெனில், தடுப்பாணை கீழே வாராதுபோனாலும் உயிருள்ள கலமே புரோலக்டினைச் சுரக்கமுடியும். எல்லோரும் மீள்வதில்லை. முன்னே நன்றாயிருந்த ஓமோன் பின்னே குன்றுவோரும் உளர். எனவே முன்னும் பின்னும் அளத்தல் வழக்கமாயிற்று: சத்திரசிகிச்சைக்கு முன்பு எல்லா ஓமோனும், அடுத்த சில நாட்களிற் காலைக் கோட்டிசோலும் சோடியமும், ஆறு வாரம் முதல் மூன்று மாதத்தில் மீண்டும் எல்லாம். தைரொயிட்டும் அதிரனலும் ஒருங்கே குன்றியவருக்குக் கோட்டிசோன் வகை மருந்தை முதலிற் கொடுத்தபின்பே தைரொயிட்டு மருந்தைத் தொடங்குவர். வரிசை மாறினால், தூண்டப்பட்ட உடல் எஞ்சிய கோட்டிசோலையும் விரைந்து செலவிட்டு ஆபத்தில் வீழும். அக்குளிகையை நம்பி வாழ்பவர் காய்ச்சல் கண்டால் அளவை இரட்டிப்பர். வாந்தியால் விழுங்க இயலாவிடின் ஊசி பெறவேண்டும். அதனை எழுதிய அட்டை ஒன்றைத் தம்மோடு கொண்டுதிரிவர்.

1990களில் உட்காட்டிக் குழாய் வந்தபின் உதட்டுக் கீறலும் மறைந்தது. பிற்ஸ்பேர்க் நகரில் ஜோவும் கராவும் 1997இல் தம் அனுபவத்தை வெளியிட்டதை அடுத்து, மூக்குத் துவாரத்தின் வழியே ஒளியும் வில்லையும் உள்ள மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் முறை உலகெங்கும் பரவிற்று. கைதேர்ந்த நிலையங்களில் இறப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. எஞ்சியிருக்கும் இடர்களுள் ஒன்று, சேணக் குழியின் மேலுள்ள மென்றகடு கிழிந்து மூளையைச் சூழ்ந்த தெளிந்த நீர் மூக்கு வழியே ஒழுகுதல். கேலன் இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொன்ன வழியைச் சத்திரசிகிச்சை நிபுணரே உண்டாக்கிவிடுகின்றார். நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்த சிறு கொழுப்புத் துண்டாலும், 2006இல் வெளியான ஒரு முறைப்படி மூக்கின் நடுத்தட்டிலிருந்து குருதியோட்டத்துடன் பெயர்த்துத் திருப்பும் மென்சவ்வாலும் அவ்வழி அடைக்கப்படுகின்றது. அடைப்பு ஒட்டும்வரை சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், குனிந்து பாரம் தூக்கலாகாது என்று தாதியர் நோயாளிக்குச் சொல்லி அனுப்புகின்றனர்.